சமூக ஊடக நிரலகங்களில் தகவல் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் பாதுகாப்புக் குறை எத்தகையது?

பல செயலிகளில் ‘ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு உள்நுழையவும்’ என்பது போன்ற ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தியதும் இயங்கும் நிரலைச் செயலியை உருவாக்கியவர் பெரும்பாலும் தாமே எழுதுவதில்லை. சமூக ஊடக நிறுவனமோ தன்னார்வ நிரலாளர்களோ எழுதி வெளியிட்ட ஒரு நிரலகத்தை, அதாவது எஸ்.டி.கே. அல்லது லைப்ரரி என்று வழங்கப்படும் ஆயத்த நிரல் தொகுப்பை, அவர் தம் செயலிக்குள் சேர்த்துக்கொள்கிறார். பயனரின் உள்நுழைவு முதல் நண்பர் பட்டியலைப் பெறுவது, பதிவிடுவது வரை அனைத்தையும் அந்த நிரலகமே செய்கிறது. அவ்வாறு செய்யும்போது தன் கைக்கு வரும் இரகசியங்களை, அவற்றைப் பார்க்க உரிமையற்ற ஒருவர் படிக்கக்கூடிய இடத்தில் அது விட்டுவிடுமானால், அதுவே தகவல் வெளிப்பாட்டுக் குறை. பலவீனங்களை வகைப்படுத்தும் சி.டபிள்யூ.இ. பட்டியலில் இதன் பொதுவான வடிவம் 200ஆம் எண்ணிலும், லாக் கோப்புகளில், அதாவது நிரல் இயங்கும்போது நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடுகளில், இரகசியத் தகவலை எழுதிவிடும் வடிவம் 532ஆம் எண்ணிலும் இடம்பெற்றுள்ளன.

இவ்வகைக் குறையில் எதுவும் உடைக்கப்படுவதில்லை. செயலி ஒழுங்காக இயங்கும். பயனர் எந்த மாற்றத்தையும் உணரமாட்டார். எந்த எச்சரிக்கையும் எழாது. அதனாலேயே இத்தகைய குறைகள் நீண்ட காலம் கண்ணில் படாமல் இருந்துவிடுகின்றன.

கசிவது கடவுச்சொல் அன்று, டோக்கன்தான் என்கிறார்கள். அப்படியானால் கவலைப்பட என்ன இருக்கிறது?

கவலைப்படத்தான் வேண்டும். ஒரு தளத்தின் கணக்கைக் கொண்டு வேறு செயலிகளுக்கு அனுமதி தரும் ஓ-ஆத் 2.0 முறையில் பயனர் தம் கடவுச்சொல்லைச் செயலியிடம் கொடுப்பதில்லை. சமூக ஊடகத் தளத்திடம் மட்டுமே கொடுக்கிறார். தளம் அதைச் சரிபார்த்துவிட்டு, பயனர் அனுமதித்த செயல்களை மட்டும் செய்யக்கூடிய ஓர் அணுகல் டோக்கனைச் செயலிக்குத் தருகிறது. இந்த ஏற்பாடு நல்லதே. ஆனால் 2012 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 6750 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கும் டோக்கன், வைத்திருப்பவர் எவராயினும் பயன்படுத்தக்கூடிய வகையைச் சேர்ந்தது. அதைக் காட்டுபவர் உண்மையில் அது வழங்கப்பட்ட செயலிதானா என்று சேவையகம் கேட்பதில்லை. எழுத்து பிசகாமல் அதை நகலெடுத்தவருக்கு, அது காலாவதியாகும் வரை அந்தப் பயனரின் பெயரில் பேசும் அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

இரண்டு படிச் சரிபார்ப்பும் இங்கே உதவாது. டோக்கன் என்பதே அந்தச் சரிபார்ப்பெல்லாம் முடிந்த பிறகு வழங்கப்படுவது. ஃபேஸ்புக்கில் குறுகிய கால டோக்கன் ஓரிரு மணி நேரமும், நீண்ட கால டோக்கன் ஏறத்தாழ 60 நாட்களும் செல்லும். 60 நாட்கள் என்பது ஒருவருடைய படங்கள், நண்பர்கள், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை அள்ளிச் செல்லத் தேவையானதைவிட மிக அதிகமான காலம்.

இத்தகைய கசிவு நடைமுறையில் எப்படி நேர்கிறது? ஓர் உண்மை நிகழ்வைக் கூற முடியுமா?

2012இல் ஃபேஸ்புக்கின் ஆண்ட்ராய்டு எஸ்.டி.கே.யில், செயலி உருவாக்குவோருக்குச் சேவையக வசதி அளித்த பார்ஸ் நிறுவனத்தார் கண்டறிந்து வெளிப்படுத்திய குறையே இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. (பார்ஸ் நிறுவனத்தை மறு ஆண்டே ஃபேஸ்புக் வாங்கியது.) அந்த எஸ்.டி.கே.யில் உள்நுழைவு வெற்றிகரமாக முடிந்ததும் லாக்கில் ஒரு வரி எழுதப்பட்டது. ‘உள்நுழைவு வெற்றி’ என்ற பொருளுடைய சொற்கள், அவற்றை அடுத்து அணுகல் டோக்கன் முழுமையாக, அதன்பின் அது காலாவதியாகும் நேரம்: இவ்வளவுதான் அந்த வரி. நிரலகத்தை உருவாக்கும்போது உள்நுழைவு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவர் எழுதிய சோதனை வரி, வெளியீட்டுப் பதிப்பிலும் அப்படியே தங்கிவிட்டது.

அக்கால ஆண்ட்ராய்டில் கருவி முழுவதற்கும் பொதுவான லாக்கை, லாக் படிக்கும் அனுமதி பெற்ற எந்தச் செயலியும் படிக்கலாம். நிறுவும்போது வரும் நீண்ட அனுமதிப் பட்டியலில் அதுவும் ஒன்று. பெரும்பாலோர் படிக்காமலே ஒப்புக்கொள்வார்கள். ஆகவே, ஃபேஸ்புக்குடன் எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு செயலி, வேறொரு செயலியின் வழியே உள்நுழைந்தவரின் டோக்கனை அமைதியாக எடுத்துக்கொள்ள வழி இருந்தது.

திருத்தத்தில் பெரிய நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. நேரடியாக லாக்கில் எழுதும் அழைப்புகளுக்குப் பதிலாக ஓர் இடைச் செயற்கூறு சேர்க்கப்பட்டது. இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்ட ஒரு மாறியை அது முதலில் பார்க்கும். அது இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே எழுதும். வெளியிடப்படும் செயலிகளில் இரகசியத் தகவலை லாக்குக்கு அனுப்புவது தகாது என்ற குறிப்பும் அச்செயற்கூறின் தலையிலேயே எழுதி வைக்கப்பட்டது. அந்த ஒற்றை மாறி தொடக்கம் முதலே இருந்திருந்தால் இந்தக் குறையே இருந்திருக்காது என்பதை நிரலகம் எழுதும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 4.1 பதிப்புக்குப் பிறகு பிற செயலிகளின் லாக்கைப் படிக்க முடியாதே? இது பழங்கதை அல்லவா?

2012இல் வந்த 4.1 பதிப்பு முதல் சாதாரணச் செயலிகளுக்கு அந்த அனுமதி கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு செயலி தன் சொந்த லாக்கைப் படிக்க எந்த அனுமதியும் தேவையில்லை. ஒரு செயலிக்குள் உள்நுழைவு நிரலகம் மட்டுமா இருக்கிறது? விளம்பர நிரலகம், பயன்பாட்டை அளக்கும் நிரலகம், செயலி முடங்கினால் அறிக்கை அனுப்பும் நிரலகம் ஆகியவையும் அதே செயலியின் அடையாளத்திலேயே இயங்குகின்றன. உள்நுழைவு நிரலகம் எழுதும் லாக் வரி அவை அனைத்துக்கும் தெரியும். முடக்க அறிக்கை நிரலகங்கள் சில, லாக்கின் கடைசிப் பகுதியை அறிக்கையோடு சேர்த்தே அனுப்புகின்றன. அப்போது டோக்கன் கருவியை விட்டே வெளியேறி, மூன்றாவது ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செயலியை உருவாக்கியவருக்கே இது தெரிந்திருக்காது.

சேவையகப் பக்கத்திலும் இதே கதைதான். 2018 மே மாதத்தில் ட்விட்டர், கடவுச்சொற்கள் திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்படுவதற்கு முன்பே ஓர் உள் லாக்கில் எழுதப்பட்டுவிட்டன என்று அறிவித்து, தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கும், கோடிக்கணக்கான பயனர்களின் கடவுச்சொற்கள் தன் உள்ளமைப்புகளில் படிக்கக்கூடிய வடிவிலேயே இருந்ததை ஒப்புக்கொண்டது. இவ்வளவு பெரிய நிறுவனங்களிலேயே நடந்த ஒன்றைப் பழங்கதை என்று ஒதுக்குவது சரியன்று.

லாக் தவிர வேறு எந்த வழிகளில் டோக்கன் வெளியே போகிறது?

இணைய முகவரி ஒரு முக்கியமான வழி. டோக்கனை முகவரியின் இறுதியில் ஒட்டி அனுப்பினால், அம்முகவரி செல்லும் இடமெல்லாம் டோக்கனும் செல்லும்: உலாவியின் வரலாறு, இடைநிலைச் சேவையகங்களின் லாக், அடுத்த பக்கத்துக்கு அனுப்பப்படும் ‘ரெஃபரர்’ தலைப்பு. 2011 மே மாதத்தில் சைமன்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஃபேஸ்புக் தளத்துக்குள் இயங்கிய செயலிகளில், அவ்வாண்டு ஏப்ரல் நிலவரப்படி ஏறத்தாழ 1,00,000 செயலிகள், விளம்பரதாரர்கள் போன்ற வெளியாருக்கு இவ்வாறு டோக்கன்களைக் கசியவிட வாய்ப்பளித்தன என்று அந்நிறுவனம் மதிப்பிட்டது. முகவரியில் டோக்கனை வைக்கும் முறை லாக்கில் பதிவாகிவிடும் வாய்ப்பு மிகுதி என்பதால் அதைத் தவிர்க்குமாறு ஆர்.எஃப்.சி. 6750 வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறது.

மற்றொரு வழி, பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனை எந்தச் சேவையகம் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்காமல் விடுவது. பைத்தான் மொழியில் ட்விட்டருக்காக எழுதப்பட்ட ட்வீப்பி நிரலகம், சான்றிதழில் உள்ள பெயரும் தான் தொடர்புகொள்ளும் சேவையகத்தின் பெயரும் ஒன்றா என்று பார்க்கவில்லை என்பது அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளுக்கு எண்ணிடும் சி.வி.இ. பட்டியலில் சி.வி.இ-2012-5825 என்ற எண்ணில் பதிவாகியுள்ளது. பிணையத்தின் நடுவே இருப்பவர் வேறொரு தளத்துக்குரிய முறையான சான்றிதழைக் காட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும். ஐ.ஓ.எஸ். கருவிகளுக்கான ட்விட்டர் கிட் நிரலகத்திலும் இதற்கு நெருக்கமான குறை இருந்தது. அதைப் பற்றி அடுத்த விடையில் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நிரலகத்தின் திருத்தப்பட்ட பதிப்பு வந்துவிட்டது. அத்துடன் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படித்தால் போதும்.

ஒரு வலைத்தளத்தில் குறை இருந்தால், அதன் உரிமையாளர் சேவையகத்தில் திருத்திய கணமே எல்லோருக்கும் திருத்தம் சென்றுவிடுகிறது. நிரலகம் அப்படியல்ல. செயலி தொகுக்கப்படும் நேரத்தில் நிரலகத்தின் ஒரு நகல் அதற்குள் உறைந்துவிடுகிறது. நிரலகத்தை எழுதியவர் திருத்துவது மூலத்தை மட்டுமே. ஏற்கெனவே பயனர்களின் கைபேசிகளில் இருக்கும் நகல்களை அவரால் தொட முடியாது. திருத்தம் பயனரை அடைய வேண்டுமானால், செயலியை உருவாக்கியவர் செய்தியை அறிய வேண்டும், புதிய பதிப்பைச் சேர்த்து மீண்டும் தொகுக்க வேண்டும், சோதிக்க வேண்டும், செயலிக் கடையில் வெளியிட வேண்டும், அதன்பின் பயனரும் புதுப்பிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கசிவு தொடரும். கைவிடப்பட்ட செயலிகளில் முதல் கண்ணியே கிடையாது.

சில வேளைகளில் திருத்தமே வராது. ட்விட்டர் கிட்டுக்கான ஆதரவை 2018 அக்டோபர் 31 அன்று ட்விட்டர் நிறுத்திவிட்டது. அதன் பிறகு வெளிவந்த சி.வி.இ-2019-16263, ஐ.ஓ.எஸ். கருவிகளுக்கான அந்த நிரலகத்தின் 3.4.2 வரையிலான பதிப்புகள் ட்விட்டர் சேவையகத்தின் சான்றிதழைச் சரிவரச் சோதிப்பதில்லை என்கிறது. சான்றிதழ்ச் சங்கிலியில் குறிப்பிட்ட சில சான்றிதழ்களுள் ஒன்று இருக்கிறதா என்று அது பார்த்தது. ஆனால் சான்றிதழ் எந்தத் தளத்துக்கு வழங்கப்பட்டது என்று பார்க்கவில்லை. பாதுகாப்பைக் கூட்டுவதற்காகச் சேர்த்த சோதனையே அடிப்படைச் சோதனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இது ஆயுட்காலம் முடிந்த தயாரிப்பு என்று சி.வி.இ. பதிவே குறிப்பிடுகிறது. அந்த நிரலகத்தைத் தாங்கிய செயலிகளுக்கு அதை நீக்குவது ஒன்றே தீர்வு.

ஆகவே, ஒரு நிரலகத்துக்கு ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பைப் பாதுகாப்பு அறிவிப்பாகவே படிக்க வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து. அன்று அதில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. நாளை தெரியவரும்போது திருத்த ஆள் இருக்காது.

என் செயலியில் குறையுள்ள நிரலகம் இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது?

நீங்கள் நேரடியாகச் சேர்த்தவற்றை மட்டும் பார்ப்பது போதாது. நீங்கள் சேர்த்த ஒரு விளையாட்டு நிரலகம் தன் தேவைக்காகச் சமூக ஊடக நிரலகம் ஒன்றை இழுத்து வந்திருக்கலாம். கிரேடில், என்.பி.எம்., காக்கோபாட்ஸ் போன்ற தொகுப்புக் கருவிகள் சார்புகளின், அதாவது செயலி நம்பியிருக்கும் எல்லா நிரலகங்களின், முழு மரத்தையும் காட்டும் அல்லது பூட்டுக் கோப்பில் எழுதி வைக்கும். அதில் பெயரையும் பதிப்பு எண்ணையும் தேடுங்கள். நிரலகத்தின் மூலக் கோப்புகளையே தம் திட்டத்துக்குள் நகலெடுத்து ஒட்டிக்கொண்டவர்களுக்கு இந்த மரத்தில் எதுவும் தென்படாது. 2012 காலத்துச் செயலிகளில் அந்த வழக்கம் பரவலாக இருந்தது. பழைய திட்டங்களைப் பராமரிப்பவர்கள் கோப்புகளுக்குள்ளேயே தேடிப் பார்க்க வேண்டும்.

பெயரைத் தேடுவதைக் காட்டிலும் உறுதியான ஒரு சோதனை உண்டு. வெளியீட்டுப் பதிப்பைச் சோதனைக் கருவி ஒன்றில் நிறுவி, அதைக் கணினியுடன் இணைத்து, லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சோதனைக் கணக்கால் உள்நுழையுங்கள். பின்பு அக்கணக்கின் டோக்கனின் முதல் சில எழுத்துகளை லாக்கில் தேடுங்கள். கிடைத்தால், எந்த நிரலகம் குற்றவாளி என்பதை அந்த வரியின் அடையாளச் சொல்லே பெரும்பாலும் சொல்லிவிடும்.

புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டேன். ஏற்கெனவே கசிந்த டோக்கன்கள் என்னவாகும்?

நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், அவை காலாவதியாகும் வரை உயிரோடுதான் இருக்கும். திருத்தம் இனிக் கசியாமல் தடுக்கிறதே தவிர, போனதைத் திரும்பக் கொண்டுவராது. பலர் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

டோக்கன்களை ரத்து செய்வதே முறை. இதற்கென ஆர்.எஃப்.சி. 7009 என்ற தரநிலை 2013 முதல் உள்ளது; ஃபேஸ்புக் போன்ற தளங்கள், பயனர் தந்த அனுமதிகளை நீக்குவதற்கான தனி அழைப்பையும் தருகின்றன. பயனர்கள் மீண்டும் உள்நுழைய நேரிடும், சிலர் சலித்துக்கொள்வார்கள். அது ஏற்கத்தக்க விலை. 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் ‘பிறர் பார்வையில் காண்க’ வசதியில் இருந்த குறையால் டோக்கன்கள் திருடப்பட்டபோது, அந்நிறுவனம் பாதிக்கப்பட்டதாக முதலில் கருதிய ஏறத்தாழ 5 கோடிக் கணக்குகளுடன், முன்னெச்சரிக்கையாக மேலும் 4 கோடிக் கணக்குகளின் டோக்கன்களையும் ரத்து செய்தது. உண்மையில் டோக்கன் திருடப்பட்டவை சுமார் 3 கோடிக் கணக்குகள் என்று பின்னர் தெரியவந்தது. தேவைக்கு மேல் ரத்து செய்ததில் அங்கு எந்தத் தவறும் இல்லை.

டோக்கனோடு எழுதப்பட்ட லாக்குகளையும் துரத்திச் சென்று அழிக்க வேண்டும். முடக்க அறிக்கைச் சேவை, லாக் சேமிப்பகம், அவற்றின் காப்பு நகல்கள், வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்குப் பயனர்கள் அனுப்பிய கோப்புகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

கசிந்தாலும் பயன்படாத டோக்கனை உருவாக்க முடியாதா?

ஓரளவு முடியும். ஃபேஸ்புக்கில், சேவையகத்திலிருந்து செல்லும் ஒவ்வோர் அழைப்புடனும், செயலியின் இரகசியச் சாவியைக் கொண்டு டோக்கனிலிருந்து கணக்கிடப்பட்ட ஒரு சான்றையும் சேர்த்தனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். டோக்கன் மட்டும் கையில் உள்ளவரால் அந்தச் சான்றைக் கணக்கிட இயலாது. ஆனால் அந்தச் சாவியைக் கைபேசிச் செயலிக்குள் வைக்கக் கூடாது. வைத்தால் அதுவும் கசியும். 2023 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 9449, ஒவ்வொரு கருவியும் தன்னிடம் மட்டுமே உள்ள ஒரு சாவியால் அழைப்பில் கையொப்பமிடும் முறையைத் தரப்படுத்தியுள்ளது. தளம் அதை ஆதரிக்கும் இடங்களில் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இதன் தீவிரம் ‘நடுத்தரம்’ என்றுதானே மதிப்பிடப்படுகிறது?

கருவிக்குள்ளேயே அணுகல் தேவைப்படும், இரகசியத்தை மட்டும் பாதிக்கும் குறைக்கு, குறைகளின் தீவிரத்துக்கு மதிப்பெண் இடும் சி.வி.எஸ்.எஸ். 3.1 முறையில் வழக்கமாக வரும் மதிப்பெண் 5.5, அது ‘நடுத்தரம்’ என்ற வரம்புக்குள் அடங்கும். அந்த எண் ஒரு கருவியில் உள்ள ஒரு குறையை அளக்கிறது. அந்த நிரலகத்தை எத்தனை செயலிகள் தாங்கியுள்ளன, கசிந்த டோக்கன் எந்தெந்த அனுமதிகளைச் சுமந்துள்ளது என்பவற்றை அது அளப்பதில்லை. பயனரின் பெயரை மட்டும் படிக்கக்கூடிய டோக்கனும், அவர் பெயரில் பதிவிடக்கூடிய டோக்கனும் ஒரே மதிப்பெண்ணைப் பெற்றாலும், பயனருக்கு நேரும் தீங்கு ஒன்றல்ல. உங்கள் செயலி கேட்கும் அனுமதிகளை வைத்து நீங்களே மதிப்பிடுங்கள். தேவைக்கு மேல் கேட்டிருந்தால் இதை வாய்ப்பாகக் கொண்டு குறைத்துவிடுங்கள்.

நான் நிரலகம் எழுதுபவன். எதைக் கவனிக்க வேண்டும்?

டோக்கனை வெறும் எழுத்துச் சரமாக எங்கும் கடத்தாதீர்கள். அதற்கெனத் தனி வகை ஒன்றை உருவாக்கி, அதை அச்சிட முயன்றால் மறைக்கப்பட்ட வடிவம் மட்டுமே வெளிவருமாறு எழுதுங்கள். உண்மையான மதிப்பைப் பெற வேண்டுமானால், அதைப் பெயரிலேயே உணர்த்தும் ஒரு செயற்கூறை அழைத்தாக வேண்டும். அப்போது உங்கள் நிரலகத்தைப் பயன்படுத்துபவர் கவனக்குறைவாக ஒரு பொருளை முழுதாக லாக்கில் எழுதினாலும் டோக்கன் தப்பிக்கும். பிழைச் செய்திகளுக்கும் இது பொருந்தும். தோல்வியடைந்த அழைப்பின் முகவரியை விதிவிலக்கின் செய்தியில் அப்படியே சேர்ப்பது மிகப் பரவலான தவறு.

லாக் இயல்பில் அணைந்திருக்க வேண்டும். பிணைய அழைப்புகளைப் பதிவுசெய்யும் பிற நிரலகங்களைப் பயன்படுத்தினால், அவற்றில் அங்கீகாரத் தலைப்பை மறைக்கும் வசதி இருக்கும், ஓகே-எச்.டி.டி.பி. என்ற பிணைய நிரலகத்தின் லாக் இடைமறிப்பானில் அது இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்டால்தான் மறைக்கும். இறுதியாக, போலி டோக்கன் ஒன்றை வைத்து எல்லாப் பாதைகளையும் ஓட்டி, வெளிவந்த லாக் முழுவதிலும் அந்தச் சரம் எங்கேனும் தென்பட்டால் தோல்வியடையும் தானியங்கிச் சோதனை ஒன்றை எழுதுங்கள். வெற்றிப் பாதையோடு நின்றுவிடாமல், இணைப்பு அறுந்தால், டோக்கன் காலாவதியானால், சேவையகம் குப்பையைத் திருப்பி அனுப்பினால் நேரும் பாதைகளையும் அது தொட வேண்டும். கசிவுகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

நிரலகமே வேண்டுமென்று திருடினால்?

அது குறை அன்று, குற்றம். 2019 நவம்பரில் ஒன்-ஆடியன்ஸ், மோபிபர்ன் ஆகிய எஸ்.டி.கே.க்கள் வழியே பயனர்களின் தகவல்கள் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் எச்சரித்தன. ஒரே செயலிக்குள் இருக்கும் நிரலகங்களுக்கிடையே சுவர் இல்லை என்ற மேற்கூறிய உண்மையே இதற்கும் வழிவிட்டது. வருமானம் தருவதாகச் சொல்லி யாரேனும் ஒரு நிரலகத்தைச் சேர்க்கச் சொன்னால், அது எதைப் படிக்கிறது என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

நான் சாதாரணப் பயனர். என்னால் என்ன செய்ய இயலும்?

உங்கள் சமூக ஊடகக் கணக்கின் அமைப்புகளில், இணைக்கப்பட்ட செயலிகள் என்ற பகுதியைத் திறந்து, பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். கைபேசியிலிருந்து செயலியை அழிப்பது மட்டும் போதாது. அனுமதி தளத்தின் பக்கத்தில் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லை மாற்றினால் டோக்கன்கள் செல்லாமற்போவது தளத்துக்குத் தளம் வேறுபடும் என்பதால், அதை மட்டும் நம்பாமல் அனுமதியையும் நேரடியாக நீக்குவதே பாதுகாப்பானது. பிழை குறித்து உதவி கேட்கும்போது லாக் கோப்பைப் பொது மன்றங்களில் ஒட்டாதீர்கள்.

கசிவைக் கண்டுபிடித்தேன். யாரிடம் சொல்வது?

முதலில் நிரலகத்தைப் பராமரிப்பவரிடம், தனிப்பட்ட வழியில் சொல்லுங்கள். பொதுவில் எல்லோரும் பார்க்கும் பிழைப் பட்டியலில் எழுதினால், திருத்தம் வருமுன் குறை ஊரறிந்ததாகிவிடும். பல நிறுவனங்கள் தம் தளத்தில் செக்யூரிட்டி.டெக்ஸ்ட் என்ற கோப்பில் தொடர்பு முகவரியை வைத்திருக்கும். 2022 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 9116 அதன் வடிவத்தை வரையறுக்கிறது. அறிக்கையில் நிரலகத்தின் பதிப்பு எண், கசிவு நேரும் படிகள், டோக்கனின் நடுப்பகுதியை மறைத்த லாக் வரி ஆகியவற்றைத் தாருங்கள். உங்கள் சொந்தச் சோதனைக் கணக்கைத் தவிர வேறு எவருடைய டோக்கனையும் பயன்படுத்திப் பார்க்காதீர்கள். பாதுகாப்புக் குறைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, குறையை வெளிப்படுத்துமுன் திருத்தத்துக்குத் தரும் 90 நாள் கெடு பரவலாக அறியப்பட்ட அளவுகோல். நீங்களும் ஒரு கெடுவை முதல் மடலிலேயே கண்ணியமாகக் குறிப்பிடலாம். பராமரிப்பவரே இல்லாத நிரலகமாக இருந்தால், அதை இன்னும் தாங்கியிருக்கும் செயலிகளின் உரிமையாளர்களுக்குத் தனித்தனியே எழுதுங்கள், சி.வி.இ. எண்ணும் கோருங்கள், ஏனெனில் சார்புகளைச் சோதிக்கும் கருவிகள் அந்த எண்ணை வைத்துத்தான் எச்சரிக்கை எழுப்புகின்றன.